கல்விக் கடன்: தவணை கட்டாத ஆண்டுகளில் ஏறும் வட்டி யார் தலையில்?

பிளஸ் டூ முடிவுகள் வந்து கலந்தாய்வு தொடங்கும் மாதங்களில் வங்கிக் கிளைகளில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டியே இல்லையாமே’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். ‘உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லை’ என்று பதில் வருகிறது. வேறொரு கிளையில், ‘வருமானச் சான்றிதழ் கொண்டுவாருங்கள், மானியம் கிடைக்கும்’ என்கிறார்கள். இரண்டுமே சரியான பதிலாக இருக்கலாம். ஏனென்றால் அங்கே பேசப்படுவது ஒரு திட்டம் அல்ல, மூன்று தனித்தனி ஏற்பாடுகள்.

கல்விக் கடன் வாங்கும் குடும்பம் பெரும்பாலும் ‘எவ்வளவு தருவார்கள்’ என்றுதான் முதலில் கேட்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. படிக்கும் காலத்தில் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வட்டியை யார் கட்டப்போகிறார்கள்? அரசா, பெற்றோரா, அல்லது வேலைக்குப் போன பிறகு அந்தப் பிள்ளையேவா? கடனின் உண்மையான விலை பெருமளவு இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் கல்விக் கடன் எப்படி இயங்குகிறது என்பதை அந்தக் கேள்வியை வைத்தே பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. மொரட்டோரியம்: தவணை கட்டத் தேவையில்லாத காலம். வங்கிகளின் பொது நடைமுறைப்படி படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும். நான்காண்டு பொறியியல் படிப்பென்றால் ஐந்து ஆண்டுகள்.

2. மார்ஜின்: மொத்தச் செலவில் குடும்பம் தன் கையிலிருந்து போடவேண்டிய பங்கு. 4 லட்சம் ரூபாய் வரை இது கிடையாது. அதற்கு மேல் இந்தியாவில் படிக்க 5 சதவீதம், வெளிநாட்டில் படிக்க 15 சதவீதம்.

3. இணைக் கடனாளி: மாணவரோடு சேர்ந்து கையெழுத்திடும் தாய் அல்லது தந்தை. இவர் வெறும் சாட்சி அல்ல. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இவருக்கும் சேர்ந்தே இறங்கும்.

4. அடமானம்: வீடு, மனை, வைப்புத்தொகை போன்று கடனுக்கு ஈடாக வைக்கும் சொத்து. மூன்றாம் நபர் ஜாமீன் என்பது வேறு. அது இன்னொருவர் கொடுக்கும் கையெழுத்து உத்தரவாதம்.

கடனின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் ஒரு மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. அதன் பிறகு பலமுறை திருத்தப்பட்டாலும், பொதுத்துறை வங்கிகள் இன்று தரும் கல்விக் கடன்களுக்கு அதுதான் அடிப்படை. வங்கிக்கு வங்கி பெயர் மாறும், வட்டி சற்று மாறும். உள்ளிருக்கும் விதிகள் கிட்டத்தட்ட ஒன்றே.

கல்விக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், நூலகம், ஆய்வகம், புத்தகம், சீருடை, படிப்புக்குத் தேவையான மடிக்கணினி ஆகியவை இந்தக் கடனுக்குள் வரும். பணம் பெற்றோர் கைக்கு வராது. ஆண்டுக்கு ஒருமுறையோ பருவத்துக்கு ஒருமுறையோ நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும். ரசீது இல்லாமல் கல்லூரி கேட்கும் நன்கொடைக்குக் கடன் கிடையாது. கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் கல்லூரி வசூலித்தால், அந்தக் கூடுதல் தொகையை வங்கி ஏற்காமல் போகலாம். அதனால்தான் அலாட்மென்ட் ஆர்டர் (இட ஒதுக்கீட்டு ஆணை), போனஃபைடு சான்றிதழ் (அந்தக் கல்லூரி மாணவர் என்பதற்கான சான்று), முழுப் படிப்புக்குமான கட்டண விவரம் மூன்றையும் முதலிலேயே கேட்கிறார்கள். கட்டண விவரத்தை முதலாண்டுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு அவதிப்படுகிறவர்கள் நிறைய. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து, விடுதிக் கட்டணம் உட்பட, கல்லூரி முத்திரையோடு வாங்கிவிடுவது நல்லது.

திருப்பிக் கட்ட அதிகபட்சம் 15 ஆண்டுகள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. இந்தியாவில் படிப்பதற்கான கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகப் பரிசீலனைக் கட்டணமும் வாங்குவதில்லை. வட்டி விகிதம் மாறும் தன்மையுடையது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். பல பொதுத்துறை வங்கிகள் மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள் என்ற நிலை சில கிளைகளில் உண்டு, ஆகவே கேட்டுவிட வேண்டும்.

ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லை என்றால், மேலாளர் ஏன் தயங்குகிறார்?

4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கண்டிப்பான உத்தரவு. அந்த எல்லையைக் கடந்து 7.5 லட்சம் வரை போவதற்கு வழிசெய்தது 2015இல் வந்த கல்விக் கடன் உத்தரவாத நிதித் திட்டம். இதன்படி கடன் திரும்பி வராவிட்டால் நிலுவையில் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்கு ஈடுசெய்யும். அதற்குப் பதிலாக, இந்த உத்தரவாதத்தின் கீழ் வரும் கடனுக்கு வங்கி அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது.

மீதி 25 சதவீதம் வங்கியின் நஷ்டம். அதோடு, கிளையில் வாராக் கடன் கூடினால் மேலாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 90 நாள் தவணை நிலுவையில் இருந்தாலே கடன் வாராக் கடன் கணக்கில் போய்விடும். கல்விக் கடனில் இது இன்னும் சிக்கலானது. வீட்டுக் கடனில் வீடு இருக்கிறது, வாகனக் கடனில் வண்டி இருக்கிறது. இங்கே வங்கி நம்பியிருப்பது இன்னும் ஐந்து வருடம் கழித்து ஒரு பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தை. ‘எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறதா, வைப்புத்தொகை போடுகிறீர்களா’ என்று சில மேலாளர்கள் சுற்றிவளைத்துக் கேட்பது இந்தப் பயத்தினால்தான். பயத்தின் காரணம் புரிகிறது. அதற்காக விதியை மீறுவதை ஏற்க வேண்டியதில்லை. பாலிசி எடுப்பதும் வைப்புத்தொகை போடுவதும் பெற்றோர் விருப்பமே தவிர, கடன் தருவதற்கான நிபந்தனையாக முடியாது.

7.5 லட்சத்துக்கு மேல் போனால் வழக்கமாகச் சொத்து அடமானம் தேவை. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு மட்டும் வங்கிகள் தனிப் பட்டியல் வைத்து, பெரிய தொகையையும் அடமானமில்லாமல், குறைந்த வட்டிக்குத் தருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகப் போகலாம்.

ஒரு மாணவி நான்காண்டு பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்துக்கொண்ட எண் இது. மொரட்டோரியம் ஐந்து ஆண்டுகள். இந்தக் காலத்தில் மாதிரித் திட்டப்படி தனிவட்டிதான் போடுவார்கள், வட்டிக்கு வட்டி கிடையாது. பணம் ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் கல்லூரிக்குப் போவதால்:

1. முதல் ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி: 50,000 ரூபாய்.
2. இரண்டாவது லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி: 40,000.
3. மூன்றாவதுக்கு மூன்று ஆண்டு: 30,000.
4. நான்காவதுக்கு இரண்டு ஆண்டு: 20,000.

மொத்தம் 1,40,000 ரூபாய். முதல் தவணை தொடங்கும் நாளில் அவர் கணக்கில் நிற்கும் கடன் 4 லட்சம் அல்ல, 5,40,000. அந்த நாளிலிருந்து இந்த முழுத் தொகையும் அசலாக மாறி, அதற்கு மாதாமாதம் வட்டி ஓடத் தொடங்கும்.

இதைப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 8,56,000. பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் தவணை 5,803 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் 10,44,000ஐத் தாண்டும். ஐந்தே ஆண்டில் முடித்தால் தவணை 11,473, மொத்தம் 6,88,000. தவணை குறைவாக இருக்கிறது என்று பதினைந்து ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர், பத்தாண்டில் கட்டுபவரைவிட 1,88,000 ரூபாய் அதிகம் கட்டுகிறார்.

சரி, படிக்கும்போதே பெற்றோர் வட்டியை மட்டும் கட்டிவந்தால்? முதல் ஆண்டில் மாதம் சுமார் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, மூன்றாம் ஆண்டில் 2,500, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 3,333. ஐந்து ஆண்டில் கட்டியது அதே 1,40,000தான். ஆனால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். பத்தாண்டுத் தவணை 5,286 ரூபாய். முன்பு கட்டிய வட்டியையும் சேர்த்து மொத்தம் 7,74,000. கிட்டத்தட்ட 82,000 ரூபாய் மிச்சம். இப்படி வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலத்து வட்டியில் 1 சதவீதம் குறைக்க வங்கிகளுக்கு மாதிரித் திட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் சலுகையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முழு வட்டியையும் கட்ட முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டலாம். மாதம் 500 ரூபாய் போட்டாலும் அது பிற்காலத்தில் அசலாக மாறப்போகும் தொகையைத்தான் குறைக்கிறது. ‘படிப்பு முடியும்வரை ஒரு ரூபாய் கட்டவேண்டாம்’ என்று கிளையில் சொல்வது விதிப்படி உண்மை. கட்டக் கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை.

வட்டியை அரசு கட்டும் இரண்டு திட்டங்கள்

இப்போது அந்தப் பெயர்க் குழப்பத்துக்கு வருவோம்.

1. வித்யா லட்சுமி: 2015 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட ஓர் இணையதளம். பல வங்கிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க வழி. இது மானியத் திட்டம் அல்ல.

2. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம்: 2009இலிருந்து இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், மொரட்டோரியம் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டும். 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு இது பொருந்தும்.

3. பி.எம். வித்யாலட்சுமி: 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த புதிய திட்டம். 2024-25 முதல் 2030-31 வரை 3,600 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இதில் வட்டி முழுவதும் தள்ளுபடி ஆகாது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், மொரட்டோரியம் காலத்துக்கு மட்டும் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான். அரசுக் கல்லூரிகளில் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்பு படிப்பவர்களுக்கு முன்னுரிமை.

மூன்றாவது திட்டத்தில் கல்லூரிதான் வாசல். தேசியத் தரவரிசையில் ஒட்டுமொத்தமாகவோ துறைவாரியாகவோ முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 101 முதல் 200 வரை உள்ள மாநில அரசு நிறுவனங்கள், எல்லா மத்திய அரசு நிறுவனங்கள் ஆகியவையே பட்டியலில் வரும். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இருந்தன. தரவரிசை மாறும்போது பட்டியலும் மாறும். இந்தக் கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. வட்டி மானியம் மின் வவுச்சராக, டிஜிட்டல் ரூபாய் வாலட் வழியாக வரும்படி வைத்திருக்கிறார்கள்.

நம் கணக்கில் உள்ள மாணவிக்கே இவற்றைப் பொருத்திப் பாருங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் 1,40,000 ரூபாய் வட்டியும் அரசுடையது. அவர் 4 லட்சத்தில் தவணையைத் தொடங்குவார், மாதம் 5,286. வருமானம் 6 லட்சம், கல்லூரியும் பட்டியலில் இருக்கிறது என்றால் 42,000 ரூபாயை அரசு ஏற்கும். 4,98,000 ரூபாயில் தொடங்குவார், மாதம் சுமார் 6,580. வருமானம் 6 லட்சம், கல்லூரி பட்டியலில் இல்லை என்றால் முழுச் சுமையும் அவருடையது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் வருகிறார்கள். புதிய திட்டத்தின் பெரிய இடைவெளி இது. கடன் இல்லாமல் படிக்கவே முடியாதவர்கள் அதிகம் இருக்கும் கல்லூரிகளைத் தரவரிசை வெளியே நிறுத்திவிடுகிறது.

மானியத்தை இழக்கவைக்கும் தவறுகள் சில உண்டு. வருமானச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலிருந்து, இ-சேவை வழியாக வாங்கியதாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு மட்டும் போதாது. கடன் அனுமதியாகும் சமயத்திலேயே அதைக் கொடுத்து, மானியத் திட்டத்தின் கீழ் கணக்கைச் சேர்த்துவிட்டார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் நின்றுவிடும். மருத்துவக் காரணம் மட்டும் விதிவிலக்கு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ கிடைப்பவர்களுக்கு 3 சதவீதச் சலுகை கிடையாது. அப்புறம், ஆண்டுக்கு ஒருமுறையாவது கடன் கணக்கின் அறிக்கையை எடுத்து மானியத் தொகை வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து, ‘மானியம் கோரவே இல்லை’ என்று தெரியவந்தால் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

கடன் தேவைப்படாமலே போகலாம்

தமிழ்நாட்டில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கட்டணத்துக்குப் போதாது, ஆனால் மேலே பார்த்த முதல் ஆண்டு வட்டியைக் கட்ட அது போதும்.

கலந்தாய்வு வழியே கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, ‘நல்ல பிராஞ்ச்’ என்று நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போனால் முதல் பட்டதாரிச் சலுகை போகிறது, 7.5 சதவீத ஒதுக்கீட்டின் பலன் போகிறது, பி.எம். வித்யாலட்சுமியும் போகிறது. கட்டணத்தில் தெரியும் வித்தியாசத்தைவிட உண்மையான வித்தியாசம் பெரியது.

வங்கிக்கு வெளியே இருக்கும் கடன்கள்

பல வீடுகளில் முதலாண்டுக் கட்டணத்துக்கு நகைதான் அடகுக்குப் போகிறது. அவசரத்துக்கு அது தப்பில்லை. ஆனால் நகைக் கடனைப் பெரும்பாலும் ஓராண்டில் மீட்க வேண்டும் அல்லது வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். அரசின் வட்டி மானியம் கிடையாது. வருமான வரிச் சலுகையும் இல்லை. முதலாண்டுக்கு நகையை வைத்துக் கட்டிவிட்டாலும், உடனே வங்கியில் விண்ணப்பித்து, கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, அந்தத் தொகையையும் கடனில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கிரெடிலா, அவான்ஸ், ஆக்ஸிலோ போன்ற வங்கி சாரா நிதி நிறுவனங்கள் வேகமாகக் கடன் தருகின்றன. வங்கி மறுக்கும் படிப்புக்கும் தருகின்றன. விலை வேறு. வட்டி பொதுவாக அரசு வங்கியைவிடக் கூடுதல், பரிசீலனைக் கட்டணம் உண்டு, படிக்கும்போதே வட்டியின் ஒரு பகுதியையாவது கட்டச் சொல்வார்கள், கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டியாகலாம். ஒப்பந்தத்தில் இந்தக் கடைசி விஷயத்தை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள். மத்திய அரசின் வட்டி மானியம் வேண்டுமென்றால் மாதிரித் திட்டத்தின் கீழ் வங்கி தரும் கடனாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு வகை, பயிற்சி மையங்களிலும் இணையவழிப் படிப்புகளிலும் ‘வட்டியில்லா மாதத் தவணை’ என்று தருவது. பெற்றோர் கட்டணத்தைத் தவணையில் கட்டுவதாக நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போடப்பட்டு, முழுத் தொகையும் பயிற்சி மையத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளை இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால், இது கடனா, யார் தருகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பு

இங்கே மேலே சொன்ன வட்டி மானியங்கள் எதுவும் பொருந்தாது. சிறுபான்மையினருக்கு இருந்த ‘படோ பர்தேஷ்’ வட்டி மானியமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கடன் ரூபாயில், கட்டணம் டாலரில் அல்லது யூரோவில். 2014இல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர் பத்தாண்டில் 84 ரூபாயைத் தொட்டது. இரண்டாண்டுப் படிப்புக்குக் கணக்குப் போட்டு வாங்கிய கடன் இரண்டாம் ஆண்டில் போதாமல் போவது இதனால்தான். கொஞ்சம் கூடுதலாக அனுமதி வாங்கி வைத்து, தேவைக்கு மட்டும் எடுக்கலாம். எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை.

எம்பவர், பிராடிஜி போன்ற நிறுவனங்கள் இணைக் கடனாளி இல்லாமல் டாலரிலேயே தருகின்றன. அங்கேயே வேலை கிடைத்தால் சமாளிக்கலாம். விசா கிடைக்காமல் ஊர் திரும்பினால், ரூபாயில் சம்பாதித்து டாலரில் அடைக்க வேண்டிவரும். வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்கள் இந்தச் சூழ்நிலைக்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல மாற்றம்: கல்விக் கடனாக வாங்கிய பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடித்துவந்த டி.சி.எஸ். வரி 2025 ஏப்ரல் முதல் இல்லை.

எவ்வளவு வாங்கலாம்?

வங்கி எவ்வளவு தரும் என்பதை விட்டுவிட்டு, முதல் சம்பளத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் அடிப்படைச் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 25,000 ரூபாய்க்கு உள்ளாகத்தான். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு, பயணம் போக 7,000 ரூபாய் தவணை கட்டுவது நெருக்கடிதான், ஆனாலும் முடியும். 15,000 ரூபாய் முடியாது. தவணை முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை என்றால் கால் பங்கு. பத்தாண்டு, 10 சதவீதம் என்றால், தவணை தொடங்கும் நாளில் நிற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 1,322 ரூபாய். இதை வைத்து யாரும் வீட்டிலேயே கணக்குப் போடலாம்.

வங்கி மறுத்தால்

1. விண்ணப்பத்தை இணையதளம் வழியாகப் போடுங்கள், அல்லது கிளையில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன ‘இல்லை’ எந்தப் பதிவிலும் இருக்காது.

2. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டப்படி, மேல் அதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும். காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. ‘உங்கள் வீடு எங்கள் சேவைப் பகுதியில் இல்லை’ என்பது செல்லாது. அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது.

4. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டுமே காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. வேறு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் மேல்முறையீட்டுக் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம்.

5. மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாம்களில் கிளை மேலாளர்களே வந்து உட்காருவதால் பல விண்ணப்பங்கள் அங்கே நகர்ந்துவிடுகின்றன. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை.

வேலை கிடைக்காவிட்டால்

இதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. மாதிரித் திட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு: வேலையில்லாத அல்லது மிகக் குறைந்த சம்பளத்தில் இருக்கும் காலத்துக்கு, கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க வங்கி அனுமதிக்கலாம். தொடக்கத்தில் குறைவாகவும் சம்பளம் உயர உயரக் கூடுதலாகவும் தவணை அமைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் தவணை தவறுவதற்கு முன் போய்க் கேட்க வேண்டும். தொலைபேசியை எடுக்காமல் மூன்று மாதம் கழிந்துவிட்டால் கணக்கு வாராக் கடனாகி, கிளை மேலாளர் கையிலிருந்து போய்விடும். 2016இல் ஸ்டேட் பேங்க் தன் வாராக் கல்விக் கடன்களை வசூல் செய்யும் பொறுப்பை ஒரு தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அதன் பிறகு வரும் அழைப்புகள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். தேர்தல் நேரத்தில் வாக்குறுதிகள் வருகின்றன. கடன் கொடுத்தது வங்கி. மாநில அரசு அந்தப் பணத்தை வங்கிக்குக் கட்டினால்தான் தள்ளுபடி நடக்கும். அதுவரை வட்டியும் ஓடும், சிபிலும் இறங்கும்.

கட்டும்போதும் கட்டி முடித்த பின்னும்

கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு, 80இ பிரிவு என்று அறியப்படும் வருமான வரி விலக்கு உண்டு. வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு இல்லை. தொகைக்கு உச்சவரம்பு இல்லை. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால், இந்த விலக்கை நம்பி நீண்ட தவணையை எடுப்பதில் பொருளில்லை.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிவிடுங்கள். ஓரிரு மாதம் கழித்து மாணவர், பெற்றோர் இருவரின் சிபில் அறிக்கையிலும் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.